மாடியிலிருந்து பார்க்கும் ராக்கெட்

2022 டிசம்பர் 15ஆம் தேதி மாலை இருட்டியதும், மேற்கு வங்கத்தில் பல ஊர் ஜனங்கள் வானத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். டார்ச் அடித்தாற்போல் ஒரு வெளிச்சம் மேலே தெரிந்தது. வேற்றுக்கிரக வாகனம் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. ஒடிசா கடலோரத் தீவிலிருந்து அக்னி-5 ஏவுகணையைச் சோதித்தார்கள் என்ற செய்தி வந்த பிறகுதான் விஷயம் விளங்கிற்று.

எங்கள் குடும்பத்துக்கு இது புதிதல்ல. 1963 நவம்பர் 21 அந்தியில் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட், அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி, உயரே போய் சோடியம் ஆவியைக் கக்கியது. மேல்காற்றின் வேகத்தை அளப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வானில் ஆரஞ்சு நிற மேகம்! நான் அப்போது கைக்குழந்தை. வண்டிப்பெரியாறு எஸ்டேட்டிலிருந்த என் தாய்மாமன் அதைச் சொல்லாத தீபாவளி இல்லை.

இதன் கணக்கு எளிது. நமக்குப் பொழுது சாய்ந்த பிறகும் 100 கி.மீ. உயரத்தில் கொஞ்ச நேரம் வெயில் இருக்கும். அந்த வெயில் புகையில் பட்டு மின்னுகிறது. அவ்வளவு உயரத்திலுள்ள பொருள், மலை மறைக்காவிட்டால், 1,100 கி.மீ. தொலைவு வரை அடிவானத்தில் தலைகாட்டும். பாலக்காட்டிலிருந்து தும்பா நேர்கோட்டில் 250 கி.மீ. தான்.

பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கை. பக்கத்தில் இருப்பவர்களுக்கு? 2024 ஜூலை 24ஆம் தேதி ஒரு சோதனைக்காக ஒடிசாவின் சாந்திப்பூர் அருகே 10 கிராமங்களிலிருந்து 10,000க்கும் மேற்பட்டோரைத் தற்காலிகமாக அப்புறப்படுத்தினார்கள். தும்பாவில் மீனவர்கள் ஊரையே கொடுத்தார்கள். பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரெய்ரா சம்மதித்து, மகதலேனா மாதா கோயிலும் விண்வெளிக்குப் போயிற்று. அந்தக் கோயில் கட்டடத்தில் பிறகு மியூசியம் வைத்தார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இது புரியாதா?

சோதனையே கூடாது என்பது என் கட்சியல்ல. ரயில்வேயில் 25,000 வோல்ட் கம்பியில் மின்சாரம் ஏற்றும் முன், இன்ன தேதி முதல் கம்பியைத் தொடாதீர்கள் என்று பத்திரிகையில் அறிவிப்போம். கேட்டுகளில் உள்ளூர் மொழியில் போர்டு வைப்போம். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேட்மேனே வாயால் சொல்வார். (அந்த வாய்ச்சொல்தான் அதிகம் வேலை செய்தது என்பது என் அனுபவம்.)

இப்போது நம் பக்கமே வருகிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விடும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருக்கிறது. இங்கிருந்தால் நேரே போகலாம், எரிபொருள் மிச்சம். நல்ல இடந்தான். பாலக்காட்டுக்கும் அது சுமார் 300 கி.மீ. அந்திப் பொழுதில் விட்டால் நம் மாடிகளும் நிறையும்.

ஆனால் அன்று அந்தக் கடலில் வள்ளம் இறங்கக்கூடாது. ஏவும் நாள் தள்ளிப்போனால் மறுபடியும் வலை கரையில். விமானிக்கும் கப்பலுக்கும் போகும் முன்னறிவிப்பு, மணப்பாடு மீனவனுக்குத் தமிழில், கோயில் ஒலிபெருக்கியில் போக வேண்டும். தள்ளிப்போன நாளுக்கும் சேர்த்துக் கூலியை அந்த வாரமே கொடுக்க வேண்டும். நம் சங்கம் இதை மனுவாக எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது.