மெஷினுக்கு முப்பதாயிரம், அரைக்க மிக்ஸியா?

மிக்ஸியில் அரைத்த மாவில் இட்லி சுட்டுப் போட்டால் தமிழ்நாட்டில் எந்த வீடும் ஒப்புக்கொள்ளாது. "என்னம்மா, கிரைண்டர்ல போடலையா?" என்ற கேள்வி முதல் விள்ளலிலேயே வந்துவிடும். மாவு அரைப்பதற்கென்றே கல் கிரைண்டரைச் செய்து, கோயம்புத்தூர் பெயரில் அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கி வைத்திருக்கும் மாநிலம் இது. அரைப்பதில்தான் ருசி இருக்கிறது என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் காபி என்று வந்தால் மட்டும் இந்த ஞானம் எங்கே போய்விடுகிறது?

ஒரு உதாரணம். திருப்பாச்சூரில் இருந்து காக்களூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் இளைஞர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே எஸ்பிரெசோ போட வேண்டும் என்று ஆசை. போனஸ் பணம், கொஞ்சம் இ.எம்.ஐ. எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு மெஷின் வாங்குகிறார். பெட்டியில் '15 பார் அழுத்தம்' என்று கொட்டை எழுத்து. கையில் இருந்த பணம் அதோடு சரி. காபிக்கொட்டை அரைக்க? அதான் மிக்ஸி இருக்கிறதே! தேங்காய்ச் சட்னி அரைத்த ஜாரைக் கழுவித் துடைத்து அதிலேயே அரைக்கிறார். முதல் நாள் காபி தண்ணீர் மாதிரி பத்து வினாடியில் கொட்டுகிறது. அடுத்த நாள் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டி அரைத்தால் சொட்டுக்கூட இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கியதைக் குடித்துப் பார்த்த அம்மா கேட்கிறார்: "என்னடா இது, கஷாயம் மாதிரி இருக்கு?"

குறை மெஷினில் இல்லை, கொட்டையிலும் இல்லை. குறை மிக்ஸியில்.

மிக்ஸியின் பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, வெட்டிச் சிதறடிக்கிறது. பிளேடில் அடிக்கடி மாட்டியது மாவாகிறது, தப்பித்தது ரவையாகவே நிற்கிறது. வெந்நீர் உள்ளே போனதும் மாவில் இருந்து சாறு அதிகமாக இறங்கிக் கசக்கிறது. ரவையில் இருந்து பாதிதான் இறங்கிப் புளிக்கிறது. ஒரே டம்ளரில் கசப்பும் புளிப்பும்!

நல்ல காபி கிரைண்டர் வேறு ஜாதி. அதைப் புரிந்துகொள்ளப் பாட்டி வீட்டுத் திருகையை நினைத்தால் போதும். மேலே ஒரு கல், கீழே ஒரு கல், நடுவில் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் நுழையும் அளவுக்குப் பொடியானதுதான் வெளியே வரும். காபி கிரைண்டரில் கல்லுக்குப் பதில் பல் வெட்டிய எஃகு வளையங்கள் (சிலவற்றில் பீங்கான்). இதற்குப் பெயர் 'பர்'. இரண்டு பர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கலாம். மாவு மில்லில் "கொஞ்சம் நைசா அரைங்க" என்றதும் மில்காரர் திருகைத் திருப்பிக் கல்லை நெருக்குகிறாரே, அதே சங்கதி.

எஸ்பிரெசோவுக்கு இது ஏன் உயிர்நாடி? ஃபில்டரில் டிகாக்‌ஷன் தன் பாரத்தில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. நேரம் தாராளமாக இருப்பதால் அரைப்பில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மன்னித்துவிடும். எஸ்பிரெசோ மன்னிக்காது. சுமார் 9 பார் அழுத்தத்தில், அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கில், வெந்நீர் தூளுக்குள் பாய்கிறது. 18 கிராம் தூளில் இருந்து 36 கிராம் காபி, 25 முதல் 30 வினாடிக்குள் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அந்தத் தண்ணீரைத் தடுத்து நிறுத்தி நேரத்தைத் தீர்மானிப்பது தூள்தான். பர் இடைவெளி மயிரிழை மாறினாலும் வினாடிகள் மாறிவிடும்.

'15 பார்', '20 பார்' என்று பெட்டியில் போடுவது பம்ப் எவ்வளவு தள்ளும் என்பதற்கான எண். காபியின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொரு தந்திரமும் உண்டு. விலை குறைந்த மெஷின்கள் பலவற்றில் வரும் வடிகட்டிக் கூடைக்கு இரண்டு அடுக்கு. அடியில் ஒரே ஒரு சின்ன ஓட்டை. தூள் எப்படி இருந்தாலும் அந்த ஓட்டை அழுத்தத்தை உண்டாக்கி மேலே நுரை காட்டிவிடும். நுரையைப் பார்த்துப் பலரும் ஏமாறுகிறார்கள்.

"கிரைண்டருக்குப் பத்துப் பன்னிரண்டாயிரமா? அநியாயம்!" என்பவர்களுக்கு ஒரு எளிய கணக்கு. கிரைண்டர் விலை 12,000 ரூபாய், ஆயுள் எட்டு வருடம், கடைசியில் பழைய இரும்பு விலைகூட வேண்டாம் என்று கொள்ளுங்கள். நேர்கோட்டு முறையில் தேய்மானம் வருடத்துக்கு 1,500 ரூபாய். தினம் இரண்டு காபி என்றால் வருடத்துக்கு 730. ஒரு காபிக்குக் கிரைண்டர் செலவு இரண்டு ரூபாய்ச் சொச்சம்!

மறுபக்கம், கொட்டை கிலோ 1,000 ரூபாய் என்று வையுங்கள். மிக்ஸித் தூளால் தினம் ஒரு காபி வீணாகிறது. 18 கிராம், 18 ரூபாய். வருடத்துக்கு 6,570 ரூபாய் கழுநீர்த் தொட்டியில். இரண்டு வருடம் முடிவதற்குள் 'மிச்சம் பிடித்த' கிரைண்டர் விலை முழுதாகக் கரைந்துவிடும். இதற்குப் பெயர் சிக்கனமா?

எனவே முப்பதாயிரம்தான் கையில் இருக்கிறது என்றால் முதலில் கிரைண்டருக்கு ஒதுக்கி, மிச்சத்தில் மெஷின் வாங்குவதே முறை. சரித்திரமும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. பிரான்ஸின் பெஷோ குடும்பம் (பிறகு கார் செய்தார்களே, அவர்களேதான்) காபி அரைக்கும் கைமெஷினை 1840இல் செய்தது. இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்சலோ மோரியோண்டோ நீராவி காபி மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1884இல்தான்.

சரி, எந்தக் கிரைண்டர்? விலை அதிகமானால் நல்லது என்பதும் மூடநம்பிக்கைதான். பார்க்க வேண்டியவை நான்கு.

1. அளவை மாற்றும் நுணுக்கம். 'பர் கிரைண்டர்' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. ஃபில்டர் காபிக்குப் போதுமான படிகள் எஸ்பிரெசோவுக்குப் போதாது. ஒரு படியில் 18 வினாடி, அடுத்த படியில் 45 வினாடி என்றால் நடுவில் இருக்கும் 28ஐ எங்கே போய்த் தேடுவது? படியே இல்லாமல் திருகும் வகையோ, மிக நெருக்கமான படிகள் உள்ளதோ வேண்டும்.

2. ஆட்டம். நடுத்தண்டு ஆடினால் பர் ஒரு பக்கம் நெருங்கி மறு பக்கம் விலகும். தூளும் அப்படியே வரும். காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் பகலெல்லாம் மைக்ரோமீட்டர் பிடிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? பட்டறையில் நூல் பிசகினால் ஜாபைத் திருப்பி அனுப்புகிறவர், சொந்தக் கிரைண்டரின் தண்டு லொடலொடவென்று ஆடுவதைப் பார்க்காமல் கலரைப் பார்த்து வாங்கலாமா?

3. உள்ளே தங்கும் தூள். பெரிய தொட்டியும் நீண்ட வாயும் இருந்தால் நேற்றைய தூள் இன்றைய காபியில் விழும். வீட்டுக்கு, வேண்டிய அளவை மட்டும் நிறுத்துப் போட்டு அரைக்கும் வகையே நல்லது. தூள் ஒட்டிக்கொள்ளக் காரணம் நிலைமின்சாரம். அரைப்பதற்கு முன் கொட்டையில் சிறிது தண்ணீர் சேர்த்தால் அது குறையும் என்று ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஹெண்டன் குழு 2023இல் ஆய்ந்து சொன்னது. செலவு சைபர்.

4. கையா, கரண்டா? ஒரே விலையில் கைக்கிரைண்டரில் நல்ல பர் கிடைக்கும். மோட்டாருக்குக் கொடுக்கும் பணம் பர்ரில் இறங்குகிறது. கரண்ட் போனாலும் கவலையில்லை. நைட் ஷிப்ட் முடிந்து விடிகாலை வருபவர் வீட்டையே எழுப்பாமல் அரைத்துக்கொள்ளலாம். நாலு பேருக்குப் போட வேண்டும் என்றால் மட்டும் மோட்டார். (கை வலி நிஜம்.)

"எவ்வளவு நைசோ அவ்வளவு நல்லது" என்று ஒரு கட்சி இருக்கிறது. அதுவும் தப்பு. மிகவும் நைசானால் தூள் அடைத்துக்கொண்டு, தண்ணீர் கிடைத்த சந்தில் மட்டும் பாயும். அதே ஹெண்டனும் வேறு சிலரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, தூளைக் குறைத்துச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்தால் காபி நாளுக்கு நாள் மாறாமல் வரும் என்றது. நைஸ் முக்கியமில்லை, சீர்தான் முக்கியம்.

கடைசியாக, கிரைண்டர் விற்பவர்கள் சொல்லாத ஒன்று. வீட்டில் குடிப்பது ஃபில்டர் காபி மட்டும்தான் என்றால் இத்தனை செலவும் தேவையில்லை. கண் முன்னே வறுத்து அரைத்துத் தரும் காபித்தூள் கடையில் வாரத்துக்கு நூறு கிராம் வாங்கினால் போதும். அங்கே ஓடுவதும் நல்ல பர்தான். அந்த மெஷினின் செலவை ஊரே பங்கு போட்டுக்கொள்கிறது. சிக்கரி எவ்வளவு என்பதையும் வாங்குகிறவரே சொல்லலாம். பாக்கெட்டில் வரும் காபி-சிக்கரிக் கலவையிலோ, சட்டப்படியே 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம்!

எஸ்பிரெசோதான் வேண்டும் என்றால் கிரைண்டர் முதலில். அதற்குப் பணம் இல்லையா? மெஷினைத் தள்ளிப்போடுங்கள், பித்தளை ஃபில்டர் அடுக்களையில்தான் இருக்கிறது. இரண்டும் இல்லாமல் கடனுக்கு மெஷின் வாங்கி மிக்ஸியில் அரைப்பது, தேருக்குத் தங்கத்தகடு போட்டுவிட்டு அச்சாணியை மறந்த கதைதான். இழுத்துப் பாருங்கள், தெரியும்.