சுறாவின் செவி

காஜாங் கடலோர ஊர் அன்று. ஆயினும் அதன் காலைச் சந்தைக்குக் கடல் நாள்தோறும் வந்து சேர்கிறது. பனிக்கட்டியின்மேல் அடுக்கிய மீன்களுக்கு இடையே சில நாள்களில் சிறு சுறாக்களும் கிடக்கும். பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறாப்புட்டு நல்லது என்று தேடி வாங்குவோர் தமிழரிடையே இன்றும் உண்டு. அந்த மீனுக்குச் செவி உண்டா என்று எவரும் கேட்பதில்லை. திரைப்படங்களும் சுறாவின் பல்லை மட்டுமே காட்டிப் பழக்கிவிட்டன. கடிப்பது சுறாவின் கடைசி வேலை. அதற்கு வெகு முன்பே அது கேட்கவும் முகரவும் தொடங்கிவிடுகிறது.

சுறாவின் தலையுச்சியில் இரு நுண்துளைகள் உள்ளன. காதுமடல் இல்லை, உட்செவி மட்டுமே உண்டு. மனிதர் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்பர். சுறாவுக்கோ ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி கேட்பது அரிது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட தாழ்ந்த ஒலிகளே அதற்குத் தெளிவாகக் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து முழக்கத்தை நினைத்துக்கொள்ளலாம். காயமுற்ற மீன் துடிக்கும்போது விட்டுவிட்டு எழும் அதிர்வும் இத்தகையதே. டொனால்ட் நெல்சன், சாமுவேல் குரூபர் எனும் ஆய்வாளர்கள் அதுபோன்ற ஒலியை நீருக்கடியில் எழுப்பியபோது சுறாக்கள் அதைத் தேடி வந்தன. அம்முடிவு 1963-இல் வெளியானது. பப்புவா நியூ கினியின் நியூ அயர்லாந்துத் தீவு மீனவர்களுக்கு இது பழைய செய்தி. தேங்காய்ச் சிரட்டைகளைக் கோத்து நீரில் குலுக்கிச் சுறாவை அழைப்பது அவர்களின் மரபு.

மன்னார் வளைகுடாவில் இதற்கு நேர்மாறான தொழில் ஒன்று இருந்தது. முத்துக்குளிப்பின்போது மந்திரம் ஓதிச் சுறாவைக் கட்டிப்போடுபவருக்குக் ‘கடல்கட்டி’ என்று பெயர். வணிகர்கள் அவருக்கு இருபதில் ஒரு பங்கு முத்தைக் கொடுத்ததாக 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ குறித்துள்ளார். ஆங்கிலேயர் ஆட்சியிலும் அத்தொழில் நீடித்தது. காற்றில் பிறக்கும் குரலின் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். எனவே மந்திரம் சுறாவை எட்டியிருக்காது. ஆனால், கடலில் இறங்குபவரின் நெஞ்சை எட்டியது. அந்த அளவில் கடல்கட்டியின் கூலி வீண்செலவு அன்று.

ஒலிக்கு அடுத்து மின்சாரம். சுறாவின் மூக்கைச் சுற்றிக் கூழ் நிரம்பிய நுண்குழாய்கள் பல உள்ளன. 1678-இல் லொரன்சினி எனும் இத்தாலிய மருத்துவர் அவற்றை விவரித்தார். பயன் மட்டும் அன்று விளங்கவில்லை. 1971-இல் கல்மைன் எனும் ஆய்வாளர் அதைத் தெளிவாக்கினார். அவர் தட்டைமீன் ஒன்றை அகார் அகாரால் ஆன அறைக்குள் வைத்து மணலில் புதைத்தார். இனிப்புச் செய்ய நம் வீடுகளில் பயன்படும் அதே பொருள்தான். அது மணத்தைத் தடுக்கும்; மின்சாரத்தைத் தடுக்காது. சுறா தட்டைமீன் இருந்த இடத்தைச் சரியாகத் தாக்கியது. மின்சாரத்தைத் தடுக்கும் மெல்லிய நெகிழித்தாளால் மூடியதும், கவனிக்காமல் நீந்திச் சென்றது. மலேசியக் கடலில் காணப்படும் மூங்கில் சுறாவின் திறன் இன்னும் வியப்பானது. முட்டைக்குள் இருக்கும் அதன் குஞ்சு, பகை விலங்கினுடையதைப் போன்ற மின்புலத்தை உணர்ந்தால் மூச்சசைவை நிறுத்தி அசையாமல் கிடக்கும். 2013-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது.

அந்த மூங்கில் சுறா வாழும் கடல்களுள் ஒன்று மலாக்கா நீரிணை. ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் அதைக் கடக்கின்றன. காஜாங்கிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள கிள்ளான் துறைமுகத்துக்குப் பெருங்கப்பல்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. கப்பலின் சுழல்விசிறி எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டது. அதாவது, சுறா நன்கு கேட்கும் அதே எல்லைக்குள் விழுகிறது. சந்தை இரைச்சலில் அருகில் நிற்பவரின் பேச்சே காதில் விழாதபோது, இரையின் மெல்லிய துடிப்பு எப்படி விழும்?

சுறாவின் முதல் பகை மீன்பிடிப்புதான் என்று சிலர் மறுக்கலாம். அது மெய்யே. உலகின் சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் நிலையில் இருப்பதற்கு அளவுமீறிய பிடிப்பே தலையாய காரணம். மலேசியா 1999-இல் திமிங்கலச் சுறாவையும், 2019-இல் சுத்தியல்தலைச் சுறாக்கள் உள்ளிட்ட வேறு சிலவற்றையும் சட்டத்தால் காத்தது பாராட்டத்தக்கது. ஆனால், அச்சட்டம் பிடிப்பவரின் கையைத்தான் தடுக்கிறது. கடலின் இரைச்சலைத் தொடவில்லை. இரைச்சலைக் குறைக்க அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டியும் கட்டாயமற்றது.

வணிகம் நின்றுவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலான கப்பல்களின் இரைச்சல் குறையும். கனடாவின் வான்கூவர் துறைமுகம் ஓர்க்கா திமிங்கலங்களுக்காக 2017-இல் இதைச் சோதித்தது. மாலுமிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்தனர். கப்பல்கள் வழக்கம்போல் துறைமுகம் சேர்ந்தன. கிள்ளானை நெருங்கும் கடைசிச் சில கிலோமீட்டர்களில் அதே சோதனையைச் செய்து பார்க்கலாம்.