இலவசம் வேறு, திறந்தநிலை வேறு

பாடநூலின் பிடிஎஃப் கோப்பைக் கட்டணமின்றி இணையத்தில் வைத்துவிட்டால் கல்வி வளம் திறந்துவிட்டது என்னும் எண்ணம் கல்விப்புலத்தில் வேரூன்றிவிட்டது. இது பிழையான எண்ணம். திறந்த கல்வி வளங்கள் குறித்து 2019 நவம்பரில் யுனெஸ்கோ ஏற்ற பரிந்துரை, செலவின்றிப் பெறுதலோடு மறுபயன்பாடு, தழுவல், மறுபகிர்வு ஆகிய உரிமைகளையும் சேர்த்தே அவ்வளங்களை வரையறுக்கிறது. படிக்க மட்டுமே இசைவு தரும் கோப்பு, ஆசிரியரை வாசகராகவே நிறுத்திவைக்கிறது.

அவ்வுரிமைகள் நடைமுறையில் எப்படி இயங்கும் என்பதற்குப் பெங்களூரிலேயே முன்மாதிரி உண்டு. கர்நாடக அரசின் கல்வி ஆராய்ச்சி, பயிற்சித் துறையும் ஐ.டி. ஃபார் சேஞ்ச் அமைப்பும் இணைந்து உருவாக்கிய கர்நாடகத் திறந்த கல்வி வளங்கள் திட்டத்தில், அரசுப் பள்ளி ஆசிரியர்களே பாடவளங்களை எழுதினர். விக்கி வடிவில், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் அவை வெளியாயின. 2013இல் நடுவணரசு தொடங்கிய தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியமும் அவ்வகை உரிமத்தையே ஏற்றது.

இதன் பயன் மொழிச் சிறுபான்மையினரிடம் தெளிவாகத் தெரியும். கர்நாடகத்தில் தமிழ்வழிப் பாடநூல்களும் வெளியாகின்றன. ஆனால் அந்தச் சிறு எண்ணிக்கையிலான மாணவர்க்கெனத் துணைப்பாடம் தயாரிக்க எந்தப் பதிப்பகம் முன்வரும்? கன்னடத்தில் திறந்த உரிமத்தோடு வெளியான ஓர் அறிவியல் பாடத்தைத் தமிழ்வழி ஆசிரியர் இன்றே மொழிபெயர்த்து, நாளையே அடுத்த பள்ளிக்கு அனுப்பலாம். அனைத்து உரிமைகளும் பதிப்பாளருக்கே என்று அச்சிட்ட கோப்பாயின், அவர் முதலில் இசைவுக் கடிதம் எழுத வேண்டும். மறுமொழி வருவதற்குள் கல்வியாண்டே முடிந்துவிடலாம்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கற்பித்தலுக்கு விலக்கு அளிக்கிறதே எனச் சிலர் வாதிடுவர். 2016இல் தில்லிப் பல்கலைக்கழக நகலக வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் அவ்விலக்கை விரிவாகவே பொருள்கொண்டது. எனினும் அது கற்பித்தலின் எல்லைக்குள் நிற்கும் விலக்கு. மொழிபெயர்த்த பாடத்தை உலகறிய வெளியிடும் உரிமையை அது தந்துவிடாது.

உரிமம் மட்டும் திறந்திருந்தாலும் போதாது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துருக் குறியாக்கத்தையும் 2010இல் தரமாக ஏற்றது. ஆயினும் பழைய குறியாக்கத்தில் தட்டச்சான பாடக்கோப்புகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அவற்றிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகளே வந்து விழும். அவற்றில் தேட இயலாது, திருத்த இயலாது; பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பு மென்பொருளும் அவற்றின்முன் ஊமையாகிவிடும்.

ஆசிரியர் கை வைத்தால் பிழை மலியும் என்பது அடுத்த அச்சம். அச்சுநூலிலும் பிழை உண்டு. அது அடுத்த பதிப்புவரை காத்திருக்கும். விக்கியில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகிறது. பிழை கண்டவர் அன்றே திருத்தலாம்.

டிஜிட்டல் குடிமை குறித்த பயிற்சிகள் பெரும்பாலும் கடமைப் பட்டியல்களாகவே உள்ளன: கடவுச்சொல்லைக் காத்தல், போலிச்செய்தியைப் பகிராமை, பிறர் எழுத்தைத் திருடாமை. அனைத்தும் தேவையானவையே. ஆனால் உரிமை சொல்லப்படாத இடத்தில் குடிமை என்ற சொல்லுக்குப் பொருளில்லை. பொதுப்பணத்தில் உருவான பாடம் திறந்த உரிமத்தோடு வெளிவர வேண்டும். திருத்தத்தக்க ஒருங்குறிக் கோப்பாக வர வேண்டும். அதைத் திருத்த ஆசிரியர் செலவிடும் நேரம் பணிநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். இம்மூன்றையும் மறுத்துவிட்டு ஆசிரியருக்குக் குடிமை கற்பிக்கும் அரசு, அவரைக் குடிமகராக நடத்தவில்லை; பயனராக மட்டுமே எண்ணுகிறது.