பனி பஞ்சு என்று யார் சொன்னது?

டிசம்பர் முதல் கிழமை வந்துவிட்டால் ஸ்கார்பரோவில் எங்கள் கூட்டத்தில் ஒரு பேச்சு தவறாமல் எழும். கோடை முழுக்க கோஃபர் டியூன்ஸ் மணலில் மோட்டோகிராஸ் ஓடிய பெடியள் ஹாலிபர்ட்டன் பக்கம் ஸ்னோமொபைல் ஓட்டத் திட்டம் போடும் நேரம் அது. போன முறை என் மைத்துனன் சொன்னான்: “அத்தான், கியர் எல்லாம் கராஜில கிடக்குதுதானே. மேல ஒரு தடிச்ச ஜக்கெற் போட்டாச் சரி. பனியிலதானே விழப்போறம், பஞ்சு மாதிரி இருக்கும். உதுக்கேன் திரும்பக் காசு?”

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஹெல்மெட் ஒரே சாயல், கண்ணாடி ஒரே சாயல், சட்டையில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரும் பல நேரம் ஒன்றே. ஆனால் அவன் சொன்ன அந்த நாலு வரிக்குள் ஏழெட்டுப் பிழைக் கணக்கு இருக்கிறது.

முதலில் அந்தப் பஞ்சு. நேற்று இரவு கொட்டிய பனி பஞ்சுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்ராறியோவில் நாம் ஓடுவது பெரும்பாலும் இயந்திரம் வைத்து அழுத்திச் சமன் செய்த பாதையில். அது இரவில் இறுகினால் விடியும்போது சிமெந்துத் தரைக்கு அண்ணன் தம்பி. ஏரி என்றால் வெறும் ஐஸ். பஞ்சாகவே இருக்கும் இடத்திலும் அடியில் வெட்டிய மரக்கட்டை, பாறை, பழைய வேலிக் கம்பி என்று என்ன கிடக்கிறது என்று மேலிருந்து தெரியாது. பாதையோரம் மரங்கள் பனிக்குள் நின்றாலும் மரங்கள்தான். வண்டியின் எடையையும் பாருங்கள். 450 சிசி மோட்டோகிராஸ் வண்டி சுமார் 110 கிலோ. ஸ்னோமொபைல் 200 கிலோவைத் தாண்டும், பல வண்டிகள் 250-ஐத் தொடும். விழுந்த பிறகு மேலே வந்து உருளப்போவது அது. பாதையில் சட்டப்படி மணிக்கு 50 கிலோமீட்டர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை பேர் அதற்குள் ஓடுகிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

“மேல ஒரு ஜக்கெற்” என்ற கணக்கு இன்னும் மோசம். மோட்டோகிராஸ் சட்டையும் காற்சட்டையும் தைக்கப்படுவதே ஓட்டுபவரின் சூட்டை வெளியே தள்ளத்தான். ஜூலை வெயிலில் அரை மணி நேரப் பந்தயம் ஓடுபவருக்குக் காற்று உள்ளே வர வேண்டும். கனடாவில் ஜனவரியில் காற்று உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு வாய்ப்பாடே இருக்கிறது. வெப்பநிலை -20, எதிர்க்காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் தோலுக்கு அது -36 போல உறைக்கும். அந்த நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். காற்றே வீசாத நாளிலும் 60-ல் ஓடுகிறவருக்கு அந்தக் காற்றை வண்டியே உண்டாக்கிக் கொடுத்துவிடுகிறது. கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் இடையே ஒரு விரல் அகலம் திறந்திருந்தால் போதும். அந்த ஒரு விரல் அகலம் வெள்ளையாகி மரத்துப்போய் நிற்கும்.

சரி, தடித்த ஜக்கெற் குளிரைத் தடுத்தது என்றே வைப்போம். புதைந்த வண்டியை இழுத்துத் தூக்கும்போது வியர்த்துக் கொட்டும். உள்ளே பருத்தி ரீசேர்ட் என்றால் அது ஈரத்தைக் குடித்துவிட்டு விடாது. வண்டியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் நின்றால் அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சும். அதனால் அடியில் மெரினோ கம்பளியோ வியர்வையை வெளியே கடத்தும் செயற்கை நூலோ, அதன் மேல் உடம்போடு ஒட்டிய கவசம், பிறகு சூடு பிடிக்கும் அடுக்கு, கடைசியில் காற்றும் நீரும் புகாத மேலுடை. இந்த வரிசை மாறக் கூடாது. தொளதொள ஜக்கெற்றின் கைக்குள் தைத்த முழங்கைப் பட்டை, விழும்போது முழங்கையில் இருக்காது. பக்கத்துக்குத் திரும்பி வேறெங்கோ இருக்கும்.

இப்போது நெஞ்சுக் கவசம். இந்த விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மைத்துனன் கராஜிலிருந்து எடுத்து வந்தது முன்னும் பின்னும் கெட்டியான பிளாஸ்டிக் தகடு வைத்த, தோளில் வார் போட்டு மாட்டும் சாமான். பார்க்க ராஜராஜன் காலத்துப் போர்வீரன் மாதிரி இருந்தது. கையால் தட்டிக் காட்டினான், டொக் டொக் என்றது. “இதை மிஞ்சி என்ன வேணும்?” திருப்பி உள்பக்கச் சீட்டைப் பார்த்தேன். ஈ.என். 14021 என்று இருந்தது. முன்னால் போகிற வண்டியின் பின்சில்லு வாரியிறைக்கும் கல்லிலிருந்து காப்பதற்கான தரம் அது. மோட்டோகிராஸில் அது வேண்டும்தான். சிறு கல் நெஞ்சில் பட்டாலும் உயிர் போய் வரும். ஆனால் முதுகு மரத்தில் மோதுவதற்கும் அந்தச் சோதனைக்கும் சம்பந்தமில்லை.

முதுகுக்கு உரிய தரம் ஈ.என். 1621-2, நெஞ்சுக்கு 1621-3, முழங்கால், முழங்கை, தோளுக்கு 1621-1. முதுகுத் தகட்டின் மேல் 50 ஜூல் ஆற்றலோடு ஓர் எடையைப் போட்டு, மறுபக்கம் எவ்வளவு விசை கடந்து வருகிறது என்று அளப்பார்கள். சராசரி 18 கிலோநியூட்டனுக்குள் என்றால் முதல் நிலை, 9-க்குள் என்றால் இரண்டாம் நிலை. எண் குறையக் குறைய நல்லது. நிலையைக் குறிக்கும் 1, 2 மட்டும் தலைகீழ். கடையில் இது தெரியாமல் ஒன்றாம் நிலைதான் முதல் தரம் என்று வாங்கியவர்களைக் கண்டிருக்கிறேன்.

அதே சீட்டில் பனிக்காரர்கள் தேடவேண்டிய இன்னொரு சின்ன அடையாளம், டி என்ற எழுத்தும் பக்கத்தில் ஒரு மைனஸும். -10 பாகையிலும் சோதித்துத் தேறியது என்று பொருள். அடிபட்டதும் இறுகும் நுரைப் பட்டைகள் சூட்டில் குழைந்தும் குளிரில் விறைத்தும் குணம் மாறக்கூடியவை. மோட்டோகிராஸ் ஓட்டுபவருக்கு அந்த மைனஸ் தேவையே இல்லை. ஸ்னோமொபைல்காரருக்கு அது இல்லாத பட்டை வாங்குவது, மழையில் சோதிக்காத குடை வாங்குவது போல.

“விலை கூடினா ஹெல்மெட் நல்லது.” இதுவும் நெடுநாள் நம்பிக்கை. ஆயிரம் டொலர் கார்பன் ஃபைபர் ஹெல்மெட்டில் கூடுதலாக வாங்குவது எடைக் குறைவு, காற்றோட்டம், சொகுசு, நிறம். பாதுகாப்பு பின்பக்க ஒட்டியில் இருக்கிறது, அந்த ஒட்டிகளும் ஒரே மாதிரி அல்ல. அமெரிக்காவின் டி.ஓ.டி. முத்திரையைத் தயாரிப்பாளரே தன் பொறுப்பில் ஒட்டிக்கொள்கிறார். அரசு பிறகு கடையில் சிலவற்றை வாங்கிச் சோதிக்கும். ஐரோப்பாவின் ஈ.சி.ஈ. 22.06-க்கு விற்பனைக்கு முன்பே வெளிச் சோதனை வேண்டும். தலை சாய்வாக மோதித் திருகும்போது என்ன ஆகிறது என்பதையும் அது அளக்கிறது. முந்திய 22.05-ல் அது இல்லை. ஸ்னெல் என்பது 1956-ல் கார்ப் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்த பீட் ஸ்னெல் பெயரால் அடுத்த ஆண்டு தொடங்கிய அமைப்பு தரும் முத்திரை. நடுத்தர விலையில் 22.06 ஒட்டியோடு தலைக்குக் கச்சிதமாக இருப்பதை, பழைய தரத்து ஆயிரம் டொலர் அழகைவிட நான் எப்போதும் மேலே வைப்பேன்.

கச்சிதம் என்றால் என்ன? போட்டதும் கன்னம் லேசாக நசுங்க வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து இடம் வலம் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். வாரை இறுக்கிவிட்டு, பின் விளிம்பில் விரல் கொடுத்து முன்னே தள்ளிப் பார்க்க வேண்டும். கழன்று வருகிற ஹெல்மெட் விழும்போதும் கழன்றுதான் போகும். எங்கள் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு: “வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் கூட எடுப்பம்.” பள்ளிச் சப்பாத்துக்கு அது சரி. ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட் அடிபடும்போது முதலில் சுழலும், தலை அதற்குள் தனியே போய் மோதும். குளிருக்கு உள்ளே கம்பளித் தொப்பி போடலாம் என்று பெரிதாக எடுப்பதும் அதே தப்பு. அதற்கு மெல்லிய பாலக்ளாவா இருக்கிறது.

கண்ணாடியில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் குளிர்காலம் என் மோட்டோகிராஸ் கண்ணாடியோடுதான் போனேன். ஒற்றை வில்லை, சுற்றிலும் திறந்த நுரை. இருபதாவது நிமிடம் மூச்சு ஏறி உள்பக்கம் படிந்தது, துடைப்பதற்குள் உறைந்தது. விரல் நகத்தால் சுரண்டிய ஒரு ரூபாய்க் காசளவு ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டு ஓட்டிப் பெற்றோல் நிலையம் வரை வந்து சேர்ந்தேன். இரண்டு வில்லைக்கு நடுவே காற்று அடைத்த பனிக் கண்ணாடி, மூச்சைக் கீழே திருப்பும் மூக்கு மறைப்பு, ஹெல்மெட்டின் தாடைக்கு அடியில் ஒரு துணித் திரை. இந்த மூன்றும் அன்றைக்கே வாங்கினேன். பாதையில் மட்டும் ஓடுபவருக்கு மின்சூட்டு முகமறைப்பு வைத்த மூடிய ஹெல்மெட் இன்னும் சுகம். வண்டியிலிருந்தே வயர் கொடுக்கலாம்.

கையுறை விஷயம் சுருக்கமானது. மோட்டோகிராஸில் மணிக்கட்டைத் திருகி வேகம் கூட்டுகிறோம், உள்ளங்கை மெல்லிசாக இருக்க வேண்டும். ஸ்னோமொபைலில் வலது பெருவிரல்தான் விசையை அழுத்திக்கொண்டே இருக்கிறது. காற்றில் நீட்டி நிற்கும் அந்த ஒரு விரல் முதலில் மரத்துப்போகும். பல வண்டிகளில் அதற்கென்றே தனிச் சூட்டுக் கம்பி வைத்திருப்பது சும்மா இல்லை.

மைத்துனனின் கியரில் அறவே இல்லாத ஒன்று தண்ணீருக்கான ஏற்பாடு. மோட்டோகிராஸ் தடத்தில் யாரும் மூழ்குவதில்லை. ஹாலிபர்ட்டனில் பாதை ஏரிக்கு மேலாகவும் போகும், ஐஸ் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பு அல்ல. மனிட்டோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிக்கொடுக்கும் கணக்கு 1-10-1. உறைநீரில் விழுந்தால் திணறும் மூச்சை வசப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கும் நேரம் 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் மிதக்கும் ஸ்னோமொபைல் உடையும், கழுத்தில் தொங்கும் இரண்டு ஐஸ் குத்தூசிகளும். வழுக்கும் ஐஸில் வெறுங்கை பிடி கொடுக்காது. மேற்கே ரெவெல்ஸ்டோக் மலைப் பக்கம் போகிறவர்களுக்குத் தண்ணீரைவிடப் பனிச்சரிவுதான் பயம். இங்கேயும் ஒரு சொல் குழப்புகிறது. டக்கார் பந்தயத்தில் 2021 முதல் கட்டாயமான ஏர்பேக் விழும்போது தானே விரிந்து நெஞ்சையும் முதுகையும் காக்கும். மலையில் கட்டும் ஏர்பேக்கைக் கையால் இழுக்க வேண்டும், அது ஆளைச் சரிவின் மேற்பரப்பில் வைத்திருக்க. பெயர் ஒன்று, வேலை வேறு. அதோடு சிக்னல் கருவி, குத்தி அறியும் நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவர் உடம்போடும் இருக்க வேண்டும்.

அவன் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. கீல் வைத்த முழங்கால் பிரேஸ், கழுத்துப் பிரேஸ், 22.06 ஒட்டிய ஹெல்மெட் ஓடு, ஈ.என். 1621-2 முதுகுத் தகடு எல்லாம் இரண்டு வண்டிக்கும் செல்லும். கழுத்துப் பிரேஸ் பற்றி ஓட்டுபவர்களிடையே இன்றும் வழக்கு ஓயவில்லை. நான் கட்டுகிறேன், கட்டாதவரோடு சண்டைக்குப் போவதில்லை.

பழைய ஹெல்மெட் பற்றிச் சண்டை போடுவேன். தெரிந்தவரிடம் பாதி விலைக்கு வாங்குவதில் ஒரு சிக்கல், உள்ளிருக்கும் தெர்மோகோல் போன்ற நுரை ஒரே ஒரு முறை நசுங்கத்தான் செய்யப்பட்டது. நசுங்கியது வெளியே தெரியாது. விழாவிட்டாலும் ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்கிறது ஸ்னெல்.

கடைசியில் மைத்துனன் வாங்கியது ஒரு மிதக்கும் உடை, இரட்டை வில்லைக் கண்ணாடி, டி மைனஸ் போட்ட முதுகுத் தகடு. பில் கட்டி வெளியே வரும்போது கேட்டான்: “அப்ப என்ர பூட்ஸ், அத்தான்? அதாவது போடலாம்தானே?”

கணுக்கால் மடங்காத பிளாஸ்டிக் பூட்ஸ். உள்ளே சூடு பிடிக்க ஒரு நூல்கூடக் கிடையாது. கொக்கிகளுக்குள் பனி புகுந்து உறைந்தால் கழற்றச் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டும். கழற்றிக் காயவைக்கும் கம்பளி உறை வைத்த ஸ்னோமொபைல் பூட்ஸ் அடுத்த தட்டிலேயே இருந்தது. திரும்பி உள்ளே போனோம்.