மெட்டுக் கட்டவும் ஒரு வகுப்பு

எரியோடு கடைத்தெருவிலே, கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். தவில்காரர் ஒருவரின் மகன், பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவன், தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அண்ணே, மெட்டுப் போடுறதுக்குப் பல்கலைக்கழகத்துல படிப்பு இருக்கா?"

சுற்றியிருந்தோர் சிரித்தனர். "அதெல்லாம் பிறவியிலே வரணும் தம்பி" என்றார் ஒரு பெரியவர். நாமும் சிரித்துவிட்டோம். பேருந்தில் ஏறிய பிறகே உறைத்தது.

பிறவியிலே வரவேண்டுமாம்! தோழர்களே, இந்தச் சொல்லை எங்கோ கேட்டதாக நினைவில்லையா? எழுத்தும் படிப்புமே பிறவியில் வருவன என்று நம் பாட்டனைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய சொல்லல்லவா அது?

எரியோடும் பண்ணைப்புரமும் பழைய மதுரை மாவட்டத்து ஊர்கள்தாம். பண்ணைப்புரத்து இளையராஜா பிறவித் திறனோடு நின்றாரா? இல்லை. சென்னையிலே தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையின் இலக்கணத்தை எழுத்தெழுத்தாகக் கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வெழுதித் தேறினார். 2025 மார்ச் 8 அன்று, அதே லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு அவர் எழுதிய சிம்பொனியை வாசித்தது. எழுதியதை! கட்டடத்துக்கு வரைபடம் போல, எந்தக் கருவி எப்போது எந்தச் சுரம் என்று தாளில் எழுதித் தரும் வேலை அது. வரைபடம் போடக் கல்லூரி உண்டென்றால், இதற்கு ஏன் கூடாது?

திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, பிடிலும் பயின்ற ஆபிரகாம் பண்டிதரை எத்தனை பேர் அறிவர்? தஞ்சையில் மருத்துவம் பார்த்துச் சேர்த்த பொருளைக் கொட்டி, 1912 முதல் இசை மாநாடுகள் கூட்டினார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' தந்தார். அரசு செய்யவேண்டியதை ஒரு வைத்தியர் செய்தார்.

இன்று அரசுக் கல்லூரிகளில் வாய்ப்பாட்டு உண்டு, வீணை உண்டு, நாதசுரம் உண்டு, தவிலும் உண்டு. நன்று. ஆனால் பெரும்பாடு எதற்கு? முன்னோர் ஆக்கியதைப் பிசகாமல் பாட, வாசிக்க. புதிதாக ஆக்குவதே முழுநேரப் படிப்பு என்ற நிலை வேண்டும். ஏ.ஆர். ரகுமான் 2008இல் சென்னையில் தொடங்கிய இசைப்பள்ளியில் அது கற்பிக்கப்படுகிறது. பாராட்டுகிறோம்! ஆனால் அது தனியார் பள்ளி. தவில்காரர் மகன் கட்டணத்துக்கு எங்கே போவான்?

கேட்கவேண்டிய இடம் டில்லியல்ல, கோட்டைதான். 2013இல் சட்டமியற்றி அமைத்த இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் ஆளுநரல்லர், முதலமைச்சர்! அங்கே இசையாக்கத்துக்கு முழுப் பட்டப்படிப்பு வையுங்கள் என்கிறோம். மாணவன் எழுதியதை வாசித்துக் காட்ட ஒரு வாத்தியக் குழுவும் வேண்டும்; காதால் கேளாமல் பிழை தெரியாது. சேர வருபவனிடம் கீர்த்தனை பாடு என்னாதீர். பறையோ, தவிலோ, தெம்மாங்கோ, தெரிந்ததைக் காட்டட்டும்.

மனு எழுதிவிட்டோம். எரியோட்டில் கையெழுத்து வாங்கும்போது, அந்தப் பெரியவரிடமும் நீட்டுவதாக இருக்கிறோம்.