பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே

நம் வரலாற்றை நாம் எழுதி வைக்கவில்லை என்று மேடைதோறும் வருந்துகிறோம். எழுதாத வரலாறு ஒருபுறம் இருக்கட்டும். படமாக எடுத்து வைத்த கொஞ்ச வரலாறும் இன்று நம் வீடுகளிலேயே கெட்டுக்கொண்டிருக்கிறது. அதைக் காப்பாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது என்பதே என் கருத்து.

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் சிலவற்றில், பழைய அடையாள அட்டை, திருமணப் பத்திரிகை ஆகியவற்றோடு உள்ளங்கை அளவுள்ள படச்சுருள் ஒன்றும் தகரப் பெட்டியில் கிடக்கும். 8 மி.மீ. படச்சுருள் 1932-இலும் ‘சூப்பர் 8’ 1965-இலும் விற்பனைக்கு வந்தன. நாட்கூலிக்குப் பால் வெட்டியவர்களால் அந்தக் கேமராவை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. பெரும்பாலும் துரைமார்கள் வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் கிராணி, டிரெஸ்ஸர், பள்ளி ஆசிரியர் என ஒரு சிலர் வாங்கினார்கள். துரைமார்கள் எடுத்தவை அவர்களோடு கப்பல் ஏறிவிட்டன. 1946-இல் தொடங்கப்பட்ட மலாயாத் திரைப்படப் பிரிவு எடுத்த படங்கள் அரசாங்கம் சொல்ல நினைத்ததைச் சொன்னவை; அவற்றுள் பல இன்று இலண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆக, நம்மவர் கண்ணால் நம்மவரைப் பார்த்த படங்கள் மிகச் சொற்பம். அவை ஒவ்வொன்றும் அதனாலேயே விலைமதிப்பற்றவை.

பத்தாங் பெர்ஜுந்தை அருகிலுள்ள தெனாமாரம் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே நம் தென்னமரம் நிற்கிறது. இந்நாட்டில் வாணிப நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது அங்குதான், 1917-இல். நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே. மலாயாத் தோட்ட வாழ்வைப் பின்னணியாக வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசு கிடைத்தது. துரையின் பெயரும் மரத்தின் பெயரும் ஏட்டில் ஏறிவிட்டன. அங்கே உழைத்த தமிழர்களின் பெயர்களை நாம் எந்த ஏட்டில் தேடுவது? பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப் பெயரே 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது. சுருளின் அட்டையில் தாத்தா எழுதி வைத்த ஊரைப் பேரன் வரைபடத்தில் தேடினால் திகைத்துத்தான் போவான்.

படச்சுருள் சாகாவரம் பெற்றதன்று. அதன் அடிப்பொருள் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிட்டேட். வெப்பமும் ஈரப்பதமும் அதைச் சிதைத்து அசிட்டிக் அமிலத்தை வெளியேற்றுகின்றன. பெட்டியைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் அழிவு தொடங்கிவிட்டது என்று பொருள். வெளிவரும் அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். சுருள் சுருங்கும், வளையும், நொறுங்கும். நம் நாட்டுப் புழுக்கம் இதற்கு ஏற்ற நிலம், பூஞ்சணமும் சேர்ந்துகொள்ளும். முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வெளிவந்தது. ஒரு பிரதிகூட இன்று இல்லை. திரையரங்குகளில் ஓடிய படத்துக்கே அந்தக் கதி என்றால், ஒரே ஒரு பிரதியாக இருக்கும் வீட்டுச் சுருளை என்னவென்பது!

இதனை இலக்கவியல் வடிவுக்கு மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். ஆவலில் பழைய புரொஜெக்டரில் மாட்டி ஓட்டாதீர்கள். சுருங்கிய சுருளின் துளைகளை அதன் பற்கள் கிழித்துவிடும். நடுவில் சிக்கி நின்றால் விளக்கின் சூடு படத்தைப் பொசுக்கிவிடும். வெள்ளைத் தாளில் படத்தை ஓடவிட்டு வீடியோ கேமராவால் பிடிப்பது பலர் செய்த முறை. ஆனால், சுருள் வினாடிக்கு 16 அல்லது 18 படச்சட்டம் ஓடும். நம் வீடியோ முறையோ வினாடிக்கு 25. இரண்டும் ஒத்துப்போகாமல் படம் மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியே படம்பிடிக்கும் சிறு வருடிக் கருவிகள் இப்போது உள்ளன. அதுவே பாதுகாப்பான வழி. 50 அடி சூப்பர் 8 சுருளில் 3,600 சட்டங்கள். வினாடிக்கு இரண்டாக எடுத்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு வேகத்தை 18-க்குச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் நம் பாட்டன்மார் சார்லி சாப்ளின் போல் ஓடுவார்கள். கோப்பை வன்தட்டில் ஒன்று, வேறொரு வீட்டில் ஒன்று என இரண்டு இடங்களில் வையுங்கள். மாற்றியாயிற்று என்று மூலச்சுருளை மட்டும் வீசிவிடாதீர்கள். நாளை இதைவிட நல்ல கருவி வரும்.

“மூன்று நிமிடம் ஊமைப் படத்துக்கு இத்தனை பாடா? கடையில் கொடுத்தால் ஆயிற்று” என்று சிலர் கேட்கலாம். கொடுக்கலாம், தவறில்லை. கடைக்காரர் படத்தை மாற்றித் தருவார். படத்தில் இருப்பவர் யார் என்று அவரால் சொல்ல முடியாது. வீட்டில் செய்வதன் முழுப் பயனும் அங்கேதான் இருக்கிறது.

தோட்ட டிரெஸ்ஸராக இருந்த உறவினர் ஒருவர் புக்கிட் ரோத்தான் பக்கம் எடுத்த மாரியம்மன் திருவிழாச் சுருளை வருடி, என் பாட்டிக்குக் காட்டினோம். மூன்று நிமிடப் படத்தை அவர் இரண்டு மணி நேரம் பார்த்தார். “நிறுத்துப்பா! ஓரத்துல கொடத்தோட நிக்கிறது மூணாவது லயத்துப் புள்ளதானே?” என்று தொடங்கியவர், ஒவ்வொருவரின் பெயரையும், யார் எந்த நிரையில் வெட்டினார்கள், யார் யாருக்குச் சம்பந்தி என்பதையும் சொல்லிக்கொண்டே போனார். கைப்பேசியில் அவர் குரலைப் பதிவு செய்துகொண்டோம். மூவரை மட்டும் அவரால் அடையாளம் காண முடியவில்லை. “எங்க அக்கா இருந்திருந்தா சொல்லியிருக்கும்” என்றார்.

காடி வாடை வீசும் சுருளுக்குக்கூட இன்னும் சில ஆண்டுகள் தவணை கிடைக்கலாம். பாட்டிமார்களின் நினைவுக்கு அந்தத் தவணை கிடையாது. படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பெயர் தெரியாத முகம் வெறும் முகம்தான். அரசுக் காப்பகம் சுருளைக் குளிரறையில் வைத்துக் காக்கும், அது அவசியமும்கூட. ஆனால், மூன்றாவது லயத்துப் பிள்ளை யார் என்று அங்கே யாரைக் கேட்பது?

நம்மிடம் படச்சுருள் இல்லையே என்று ஒதுங்கிவிட வேண்டாம். 80களிலும் 90களிலும் எடுத்த திருமண வீடியோ நாடாக்கள் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் உண்டு. லயத்து வாசலில் பந்தல், ஆயாக்கொட்டகை, திடல், கோயில் என்று பின்னணியில் தோட்டமே நிற்கும். பல இடங்களில் அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. நாடாவை ஓட்டும் கருவியைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழுதாகாத கருவி அகப்படும்போதே மாற்றியாக வேண்டும்.

தமிழ் மன்றங்கள் ஆண்டுதோறும் கலை இரவு நடத்துகின்றன, நடத்தட்டும். அதோடு ஒரு வருடிக் கருவியைப் பொதுவில் வாங்கி, விடுமுறைதோறும் ஒரு தோட்டத்து மக்களைத் தேடிப் போகலாம். சுருளை உரியவர் கண்முன் மாற்றி, கோப்பை அவரிடமே கொடுத்து, அவர் இசைந்தால் மட்டும் ஒரு பிரதியை மன்றத்தில் வைக்கலாம். ஈஜோக்கிலோ ஜெராமிலோ இருந்து பட்டம் படிக்க வந்த மாணவர் தம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். இந்த விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது பெட்டியைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் பாட்டியையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.