தேய்த்தால் வெளுக்குமா?

மாணவர்களே! மார்கழிப் பனிக்காலத்தில் உங்கள் காலில் நகத்தால் பெயர் எழுதி விளையாடியிருக்கிறீர்களா? வறண்ட தோலில் நகம் பட்ட இடமெல்லாம் வெள்ளைக் கோடு விழும். ஈரக் கையால் தடவினால் எழுத்து மறைந்துவிடும். எவ்வளவு கறுத்த காலிலும் அந்தக் கோடு வெள்ளையாகவே விழுவது ஏன்? இதற்கு விடை தெரிந்தால், நம் வீட்டுக் குளியலறைகளில் நடக்கும் ஒரு தவறும் விளங்கிவிடும்.

நம் மேல்தோலின் அடித்தளத்தில் புதிய செல்கள் ஓயாமல் பிறக்கின்றன. அவை மேல்நோக்கித் தள்ளப்படும்போது, கெரட்டின் என்னும் புரதம் நிறைந்து, தட்டையாகி, இறந்துவிடுகின்றன. இறந்த செல்கள் உடலின் பெரும்பகுதியில் 15 முதல் 20 அடுக்குகளாக, வீட்டின் ஓட்டுக்கூரை போல நம்மை மூடியிருக்கின்றன. இந்தக் கூரையின் கனம் சுமார் 0.02 மில்லிமீட்டர்தான். ஆனால் உடலின் நீர் வெளியேறாமலும், கிருமிகள் உள்ளே நுழையாமலும் காப்பது இதுவே. இறந்தது என்பதால் வேண்டாதது என்று எண்ணிவிடக் கூடாது!

அடித்தளத்தில் பிறந்த செல் உதிர்ந்து விழ ஏறக்குறைய 4 வாரங்கள் ஆகும். செல்களைப் பிணைத்திருக்கும் கட்டுகளைத் தோலிலுள்ள நொதிகளே அறுத்துவிடுகின்றன. அந்த வேலைக்கு ஈரம் தேவை. பனிக்காலத்தில் ஈரம் குறைவதால், செல்கள் சரிவர உதிராமல் செதில்களாக ஒட்டிக்கொண்டிருக்கும். நகம் அவற்றைக் கிளப்பும்போது இடையே காற்று புகுந்து ஒளியைச் சிதறடிக்கிறது. அதுதான் வெள்ளைக் கோடு. நீர் பட்டதும் இடைவெளி நிரம்பிவிடும், கோடும் மறையும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அவளுடைய கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருந்தது. "அழுக்குக் கழுத்து" என்று உடன் படிப்பவர்கள் கேலி செய்தார்கள். வீட்டிலோ நாள்தோறும் நைலான் நாரால் அழுத்தித் தேய்த்தார்கள். ஒரு நாள் கழுத்து முழுவதும் புண்ணாகி வந்து நின்றாள். மருத்துவரிடம் அனுப்பினோம். அவர் கழுத்தைப் பார்த்ததும், இரத்தத்தில் சர்க்கரையைச் சோதிக்கச் சொன்னார். அந்தக் கருமைக்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாதவர்களிடம் இது அடிக்கடி தோன்றும். உடல் கொடுத்த எச்சரிக்கையை அழுக்கு என்று எண்ணித் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

கறுப்பு வேறு, அழுக்கு வேறு. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்கள் மேல்தோலின் அடித்தளத்தில் உள்ளன. கறுத்தவரிடமும் சிவந்தவரிடமும் அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். உண்டாகும் மெலனினின் அளவும் பரவலுமே வேறுபடுகின்றன. கூரையைச் சுரண்டினால் அடித்தளத்தின் நிறம் மாறுமா? மாறாது. மாறாக, புண்பட்ட தோல் கூடுதலாக மெலனினை உண்டாக்கிக் கறுத்துவிடும். நைலான் நாரால் ஓயாது தேய்ப்பவர்களின் தோளிலும் முதுகிலும் கருமை படர்வதைத் தோல் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். வெளுக்கத் தேய்த்துக் கறுத்தவர்கள் இவர்கள்!

அப்படியானால் தேய்த்துக் குளிக்கவே கூடாதா? குளிக்கலாம், அளவோடு. முதலில் வெதுவெதுப்பான நீரில் உடலை ஐந்து நிமிடம் நனையவிடுங்கள். பிறகு மெல்லிய துணியாலோ, நன்றாகச் சலித்த பயற்றம் மாவாலோ அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்துக் கழுவுங்கள். உடலுக்கு வாரம் ஓரிரு முறை போதும். முகத்துக்கு விரல் நுனிகளே போதும். அதுவும் வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். கல்லால் தேய்ப்பதைக் குதிகாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பரு, புண், தடிப்பு உள்ள இடங்களை விட்டுவிடுங்கள். ஈரம் காயுமுன் சிறிது தேங்காய் எண்ணெய் தடவலாம். முகத்தில் பரு உள்ளவர்கள் முகத்துக்கு எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது. பீர்க்கங்காய் நார் வைத்திருந்தால் வெயிலில் உலர்த்துங்கள். ஈரமாகவே தொங்கும் நாரில் கிருமிகள் பெருகும்.

எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் முகத்துக்கு வேண்டாம். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாறு 2-க்கு அருகில் உள்ள அமிலம். சோடாவோ 8-க்கு மேற்பட்ட காரம். இரண்டுமே தோலுக்கு எரிச்சல் தருபவை. கடையில் விற்கும் தேய்ப்புப் பசைகள் சிலவற்றில் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள் சேர்க்கப்பட்டன. அவை சாக்கடை வழியே கடலுக்குப் போய் மீன்களின் வயிற்றில் சேர்வதால், கழுவிவிடும் அழகுப் பொருள்களில் அவற்றைத் தடை செய்ய அமெரிக்கா 2015-இல் சட்டம் இயற்றியது.

தூய்மை நல்ல பழக்கம். ஆனால் குழந்தையின் நிறத்தையே அழுக்காகக் கருதித் தேய்ப்பது தூய்மையாகாது, அது அறியாமை. அதனால் தோல் மட்டுமா புண்படுகிறது? வகுப்பின் கடைசி வரிசையில் கழுத்தை மறைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளையைக் கேளுங்கள், சொல்லும்.

அடுத்த முறை வீட்டில் யாராவது நாரைக் கையிலெடுத்தால், உங்கள் காலில் நகத்தால் ஒரு கோடு இழுத்துக் காட்டுங்கள். உதிரக் காத்திருப்பது அந்த வெள்ளைச் செதில்தான், உங்கள் நிறமல்ல என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.